மூன்றாவது சிலிண்டர்

தென்காசி மோட்டார் கொட்டகையில் நல்லக்கண்ணுவின் விரலுக்குத் தனி மரியாதை. எஞ்சினைத் திறந்ததும் கண்ணை மூடிக்கொள்வான். சிலிண்டருக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவி, எது தேய்ந்துவிட்டது, எது இன்னும் ஓடும் என்று சொல்லிவிடுவான். பதினாறு வருஷமாக அந்த விரல்தான் அவன் வீட்டில் உலை வைத்தது.

முப்பத்தெட்டாம் வருஷம் பங்குனியிலிருந்து அந்த விரல்கள் செத்துக் கிடந்தன. முள் குத்தினாலும் தெரியவில்லை. பெருவியாதிதான், குஷ்டம்தான் என்று அவனுக்கே விளங்கிவிட்டது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும்; மனைவி உலகம்மாளிடம்கூட அவன் மூச்சு விடவில்லை.

ஆடிச் சாரலில் கூட்டம் அலைமோதிய நாளில், குற்றாலம் பஸ்ஸின் ஹெட் காஸ்கெட் போயிற்று. நல்லக்கண்ணு எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, கண்ணை மூடி, ஒவ்வொரு சிலிண்டராகத் தடவி மூன்றாவதற்கு வந்தான்.

"வழவழன்னு இருக்கு மொதலாளி."

டிரைவர் வல்லிநாயகம் சும்மா விரலை விட்டுப் பார்த்தான். "என்ன அண்ணாச்சி, தேஞ்சுபோயி மேல வரம்பு மாதிரி நிக்குதே! நகம் மாட்டுதே!"

முதலாளி மந்திரமூர்த்திக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்தது. "இன்னொரு தரம் பாருலே, கண்ண மூடிக்கிட்டு" என்றார்.

நல்லக்கண்ணு மூடினான். இடது கை எஞ்சின் விளிம்பில் இருந்தது. மந்திரமூர்த்தி வாயிலிருந்த சுருட்டை எடுத்து அந்தக் கையின் சுண்டுவிரலில் வைத்து அழுத்தினார். அவன் பாட்டுக்குத் தடவிக்கொண்டிருந்தான். மனுஷன் சதை வேகிறது, அந்த முதலாளிப் பாவிக்குச் சிரிப்பு வருகிறது. கருகல் வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் நல்லக்கண்ணு கண்ணைத் திறந்தான்.

"எத்தன மாசமாலே?" என்றார் மந்திரமூர்த்தி.

வல்லிநாயகம் தன் விரலை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தான்.

"மொதலாளி, இந்த சீசன் மட்டும்..." நல்லக்கண்ணு காலில் விழப் போனான்.

"தொடாதலே!" மந்திரமூர்த்தி எட்டி நின்றார். அவன் வாசல் பக்கம் திரும்பவும், "எங்கலே போற? ஹெட்டப் பூட்டிட்டுப் போ. மூணு மணிக்கு அருவிக்கு ஆள் போகணும்லா?"

"மூணாவது தேஞ்சிருக்கே?" என்றான் நல்லக்கண்ணு.

"அது சீசன் முடியத் தாங்கும்."

அவ்வளவுதான். எதற்காக அவன் பிழைப்பு போயிற்றோ, அந்தத் தேய்மானம் ஒரு பொருட்டே இல்லை.

நல்லக்கண்ணு புது காஸ்கெட் வைத்து, ஒவ்வொரு நட்டாக முறுக்கி, எஞ்சினை ஓட்டிக் காட்டினான். அவன் தொட்ட ஸ்பானர்களைக் கொட்டகைக்கு வெளியே குவித்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தச் சொன்னார் மந்திரமூர்த்தி. எல்லாம் அவன் சொந்த ஸ்பானர்கள்.

குற்றாலத்தில் இருக்கிற வீட்டுக்கு அவன் சாரலில் நடந்தான். பாதி வழியில் அந்த பஸ் அவனைத் தாண்டிப் போயிற்று. அதன் எஞ்சினில் அவன் கை படாத இடமே கிடையாது. அதை யாரும் கொளுத்தவில்லை.