மழைத்தண்ணீர் எந்தப் பக்கம்?

இன்று மாமியாருடன் குர்லா போய், எங்கள் செம்பூர் வீட்டு ஓட்டுக்கூரைக்கு மழைநீர் வாங்கும் தகரப் பீலி பார்த்து வந்தேன்.

யுத்தம் வந்ததிலிருந்து நல்ல தகடு ஏது? கெரசின் டின்னை வெட்டி ஒட்டிய ஒடுக்கமான பீலி ஒன்று, பழைய தகட்டை வளைத்த அகலமான பீலி ஒன்று. அவ்வளவுதான்.

அகலமானதைக் கேட்டேன். மாமியார் மறுக்கவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"ஆனா ஜலம் ஈசான மூலையிலதான் விழணும்" என்றார்.

"அங்கதானேம்மா ஜன்னல்! உள்ளே தொட்டில். போன மழைக்கே சுவரெல்லாம் ஈரம், குழந்தைக்கு இருமல் நிக்கவே இல்லை."

தகரக்காரர் இரக்கப்பட்டார். "மத்த மூலைக்குச் சாச்சுத் தாரேன் யம்மா."

"சாச்சுட்டு நீயே அங்க குடியிரு!" என்றார் மாமியார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் முறையிட்டேன். பேப்பரிலிருந்து தலை நிமிராமலே, "இதுக்கா சண்டை? தொட்டிலை நகத்திட்டாப் போறது" என்றார்.

இருப்பது ஓர் அறை. தொட்டில் என் படுக்கை இருந்த இடத்துக்கு வந்துவிட்டது. நான் அடுப்படிக்கு வந்துவிட்டேன். குழந்தை நனையாது, அதுவரை சரி.

உங்கள் வீட்டு மழைத்தண்ணீர் யார் சொன்ன பக்கம் விழுகிறது? எழுதுங்களேன்.