பக்கத்துக்குப் பக்கம் வளர்ந்த கன்று

2005-இல், குழந்தைகளுக்கான என் முதல் புத்தகத்துக்குப் படம் வரைவதற்காக மரக்காணத்திலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு பண்ணைக்குப் பலமுறை போய்வந்தேன். உப்பளங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே மாடுகளைப் பார்த்துக்கொண்ட அம்மாவின் பெயரை நான் கேட்டதே இல்லை. நெடுநெடுவென்று உயரம், புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை. கொட்டகைக்குள் நுழையும்போதெல்லாம், "நான்தான் வர்றேன்" என்று மாடுகளிடம் சொல்லிவிட்டுத்தான் காலெடுத்து வைப்பார்.

ஒருநாள் நான் வரைந்திருந்த செவலைப் பசுவைப் பார்த்துவிட்டு, "இது முன்னாடி ஒரு கன்னு போட்டுச்சும்மா. பொறந்த அன்னிக்கே செத்துடுச்சு. அதையும் பக்கத்துல போடுறியா?" என்றார்.

நிறத்தைக் கேட்டுக்கொண்டு, தாயின் காலடியில் சின்னக் கன்று ஒன்றை வரைந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"கொஞ்சம் பெருசா போடும்மா. இந்நேரம் வளர்ந்திருக்கும் இல்ல?"

அன்று வீட்டுக்கு வந்ததும், அதுவரை வரைந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்கினேன். புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் அந்தக் கன்று வளர்ந்தது.

மறு வருடம் அச்சாகி வந்த புத்தகத்தை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மெதுவாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் கன்று தாயின் தோள் உயரத்துக்கு நின்றது.

"இனிமே இதுக்குப் பால் பத்தாதும்மா. புல்லு போடணும்" என்றார்.

விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை.