பிரேக்குல ஏர் எடுத்த ஞாயித்துக்கிழமை

நான் லைசென்ஸ் வாங்கி மூணு வருசம் ஆச்சு. மூணு வருசமும் எங்க வீட்டுக் காருல நான் இடது பக்கத்து ஆளு. சாவியைக் கேக்கும்போதெல்லாம் எங்க வீட்டுக்காரர் சொன்ன பதில் ஒண்ணே ஒண்ணுதேன். "பிரேக் ஒரு மாதிரியா இருக்கு புள்ள. சரி பண்ணிட்டுத் தாரேன்." ஒரு மாதிரியா இருக்கிற அந்தப் பிரேக்கை வச்சுக்கிட்டு அவுக தெனமும் தேனி டவுனுக்கு உரக்கடைக்குப் போனாக, கல்யாணங்காச்சிக்குப் போனாக, குமுளி வரைக்கும் மலையேறினாக. நான் கேட்டா மட்டும் அந்தப் பிரேக்குக்கு நோவு வந்துரும்.

சொல்லிச் சொல்லியே அது நெசமாப் போச்சு. போன மாசம் குமுளியில இருந்து எறங்கையில, பாதி மலையில பெடல் மெத்துன்னு உள்ள போயிருச்சு. அவுக ரெண்டாவது கியருக்கு மாத்தி, ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சு, உருட்டி உருட்டி அடிவாரத்து லோயர் கேம்ப்புக்குக் கொண்டாந்து நிப்பாட்டினாக. மூஞ்சியில ரத்தமே இல்ல. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "ஒங்க நாக்குல சனிதேன் இருக்கு"ன்னு சொல்லிட்டேன்.

தேனியில மெக்கானிக் பாத்துட்டு, பிரேக் ஆயில்ல தண்ணி கோத்துப் போச்சு, பழசை எடுத்துட்டுப் புதுசு ஊத்தி, குழாயில சிக்குன காத்தை வெளியேத்தி ஏர் எடுக்கணும், திங்கக்கிழமை வண்டியை விட்டுட்டுப் போங்கன்னாரு. இவுக தலையை ஆட்டிட்டு வந்தாக. வீட்டுக்கு வந்து ராப்பூரா செல்போனுல வீடியோ பாத்தாக. காலையில காப்பியைக் குடிக்கும்போதே மேதாவியாயிட்டாக. "நட்டைத் தொறந்தா பழசு வருது, மூடுனா நிக்குது. இதுக்கு ஒரு மெக்கானிக்கா?"

ஆனா அந்த வீடியோவுல ஒரு சங்கடம் இருந்துருக்கு. இந்த வேலைக்கு ரெண்டு ஆளு வேணும். ஒரு ஆளு வீல்கிட்ட குத்தவச்சு நட்டைத் தொறந்து மூடணும். இன்னொரு ஆளு பெடலை மிதிக்கணும். பெடல் எங்க இருக்கு? டிரைவர் சீட்டுக்கு முன்னாடி.

ரெண்டு தடவை அடுப்படி வாசல் வரைக்கும் வந்து வந்து போனாக. நான் தோசையைத் திருப்புறதுல கண்ணா இருந்தேன். கடைசியில கேட்டுட்டாக.

"இந்தா புள்ள, கொஞ்சம் வண்டியில வந்து உக்காரேன்."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கந்தேன்."

"உக்காருறேன். பிரேக் சரியாயிருச்சுன்னா சாவி யாருக்கு?"

மோட்டு வளையைப் பாத்துக்கிட்டே, "ஒனக்குத்தேன்"னாக. வீரபாண்டி வரைக்கும் ஓட்டிட்டுத் திரும்பி வரணும்னு ஒரு எல்லையும் போட்டாக. சரின்னேன்.

பழனிசெட்டிபட்டியில எங்க தெரு அகலமான தெரு. வீட்டுக்கு முன்னாடி வண்டியை நிப்பாட்டி, சக்கரத்துக்குக் கல்லை அண்டக் குடுத்து, ஜாக்கி வச்சாக. பானட்டைத் தூக்கி, பிரேக் ஆயில் டப்பாவுல இருந்த பழசை ஊசி போடுற சிரிஞ்சால உறிஞ்சினாக. கடுங்காப்பி நெறத்துல இருந்துச்சு. புதுசை ஊத்தினாக. அது இளசான தேன் நெறம். எங்க வீட்டுக் காருக்குள்ள யாரும் செருப்போட ஏற மாட்டோம், அதனால நான் வெறுங்காலோட ஏறி உக்காந்தேன். சீட்டை முன்னாடி இழுத்தேன். கண்ணாடியை என் மூஞ்சிக்குத் திருப்பினேன். "கண்ணாடி எதுக்கு, நிக்கிற வண்டிக்கு?"ன்னு கீழ இருந்து சத்தம் வந்துச்சு. காதுல விழுகாத மாதிரி இருந்துக்கிட்டேன்.

முறை இதுதேன். "மிதி"ன்னா மூணு தடவை மிதிச்சு அழுத்திப் பிடிச்சுக்கிடணும். அவுக நட்டைத் தொறப்பாக. பெடல் தன்னால உள்ள எறங்கும், பழைய ஆயிலும் காத்தும் நட்டுல மாட்டுன குழாய் வழியா கீழ வச்ச பாட்டிலுக்குள்ள போகும். அவுக நட்டை மூடிட்டு "விடு"ன்னு சொன்ன பெறகுதேன் காலை எடுக்கணும். நட்டு தொறந்திருக்கையில காலை எடுத்தா போச்சு, வெளிக்காத்தை உள்ள இழுத்துக்கிடும். இதை எனக்கு ஏழு தடவை சொன்னாக. நான் கணக்கு டீச்சர். ஒரு தடவை சொன்னாலே வெளங்கிரும்.

பின்னாடி ரெண்டு வீலும் முடிஞ்சு, முன்னாடி இடது வீலும் பாதி ஓடிருச்சு. மிதின்னாக, மிதிச்சேன். நட்டைத் தொறந்தாக, பெடல் எறங்குச்சு. அந்த நேரம் பாத்துத் தெரு முனையில, ஒரு கட்டு முருங்கைக்காயோட, ஜெயமங்கலத்துப் பெரியப்பா வந்தாக. எங்க வீட்டுக்காரருக்குப் பெரியப்பா, எனக்கு மாமனார் முறை. குடும்பத்துலயே மூத்த ஆளு.

அப்புறம் நடந்ததுக்கு நாங்க ரெண்டு பேரும் பொறுப்பில்ல. எங்க வளர்ப்புதேன் பொறுப்பு. இவுக சடார்னு எந்திரிச்சு, மடிச்சுக் கட்டியிருந்த கைலியை எறக்கி விட்டுக்கிட்டு, ஸ்பானரோட கையெடுத்துக் கும்பிட்டாக. மாமனார் தெருவுல நிக்கையில மருமக காருக்குள்ள கால் நீட்டி உக்காந்திருக்கலாமா? நான் கதவைத் தொறந்து குதிச்சேன். தலையில சேலை முந்தி வேற. நட்டு தொறந்தது தொறந்தபடி. பெடல் மேல வந்தது வந்தபடி. காரு பாட்டுக்கு 'புர்ர்'ருன்னு காத்தைக் குடிச்சுச்சு.

"என்னப்பா, வண்டி மூச்சு விடுது?"ன்னாக பெரியப்பா.

முருங்கைக்காயை வாங்கி, காப்பி குடுத்து அவுகளை அனுப்பிட்டு வந்து மிதிச்சா, பெடல் தரை வரைக்கும் போகுது. ஆத்தாடி! மலையில போனதை விட மோசம்.

"ஒன்னை யாரு எறங்கச் சொன்னா?"

"ஒங்களை யாரு கைலியை எறக்கச் சொன்னா?"

ஒருத்தரை ஒருத்தர் மொறைச்சுக்கிட்டோம். பெறகு முதல்ல இருந்து ஆரம்பிச்சோம். மறுபடியும் பின்னாடி இடது, பின்னாடி வலது. மிதி, பிடி, விடு. இதுல ஒரு விசயம் எனக்கு மெதுவா வெளங்குச்சு. பெடல் கெட்டியாயிருச்சா இல்லையான்னு அவுகளுக்குத் தெரியாது. அது என் உள்ளங்காலுக்கு மட்டுந்தேன் தெரியும். "எப்படி இருக்கு?"ன்னு அவுக கீழ இருந்து கேக்கணும், நான் மேல இருந்து சொல்லணும். கல்யாணமாகி இத்தனை வருசத்துல இப்படி ஒரு அதிகாரம் என் கைக்கு, சரி, காலுக்கு, வந்ததே இல்ல.

மூணாவது வீல் முடியும்போதே பெடல் கல்லு கணக்கா நின்னுருச்சு.

"எப்படி இருக்கு?"

"மெத்துன்னுதேன் இருக்கு"ன்னேன்.

பாவந்தேன். வெயிலு ஏறிப் பனியனெல்லாம் நனைஞ்சு போச்சு. ஆனா மூணு வருசம்ல! ஒவ்வொரு வருசத்துக்கும் ஒரு ரவுண்டாச்சும் குனிஞ்சு நிமிரட்டும்னு நெனைச்சேன். "இன்னும் இருக்கு"ன்னேன். "லேசா இருக்கு"ன்னேன். அவுகளும் சலிக்காம, "ஆமா புள்ள, குழாயில காத்து முட்டை முட்டையா வருது"ன்னு தொறந்து மூடினாக. கெட்டியாப் போன பெடல்ல இருந்து எப்படிக் காத்து வருதுன்னு எனக்கே கொஞ்சம் கொழப்பம். கடைசியில வாங்கி வச்ச புது ஆயிலும் தீந்து போச்சு. இனி நானும் பொய் சொல்ல முடியாது.

"கல்லு மாதிரி இருக்கு"ன்னேன்.

டப்பாவுக்கு மூடி போட்டாக, சிந்தின எடத்துல தண்ணியை ஊத்திக் கழுவினாக, ஜாக்கியை எறக்கினாக. கையைத் தொடைச்சுக்கிட்டே, "கிளட்சு கூட ஒரு மாதிரி..."ன்னு ஆரம்பிச்சாக. நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். "ஏறுங்க"ன்னேன். அழுக்குக் கைலி, பனியனோட இடது பக்கம் ஏறினாக.

தெருவுக்குள்ளயே நாலு தடவை மிதிச்சு நிப்பாட்டிப் பாத்தேன். கிண்ணுன்னு பிடிச்சுச்சு. பெறகுதேன் கம்பம் ரோட்டுல ஏறினேன். முதல்ல ஒரு ஆட்டோ குறுக்க வந்துச்சு, நிப்பாட்டினேன். ஆட்டு மந்தை வந்துச்சு, நிப்பாட்டினேன். அவுக பக்கத்துல பெடலே இல்ல. ஆனாலும் பிரேக்கை மிதிக்கிற கணக்கா தரையில காலை ஊனி ஊனி எடுத்தாக.

வயல்காட்டுக்கிட்ட வந்ததும், ரோட்டைப் பாத்துக்கிட்டே, "ஏர் எப்பவோ போயிருச்சு புள்ள"ன்னாக. "கடைசி நாலஞ்சு தடவை ஒரு காத்து முட்டை கூட வரல. சும்மாத்தேன் தொறந்து மூடினேன்."

"எதுக்கு?"

"முடிஞ்சிருச்சுன்னா சாவியைக் கேப்பேல்ல."

சிரிப்பு வரல எனக்கு. கோவந்தேன் வந்துச்சு. வண்டியை ஓரங்கட்டினேன். "அப்ப இந்த மூணு வருசமும் பிரேக்கு நல்லாத்தேன் இருந்துச்சா?"

அவுக நகத்துல இருந்த கறுப்பை நோண்டிக்கிட்டே இருந்தாக. "இப்பன்னா ஒங்கம்மா வீட்டுக்குப் போகணும்னாலும் என்கிட்டத்தேன் கேக்குற. எப்பக் கூட்டிட்டுப் போவீகன்னு பின்னாலயே வார. சாவியைக் குடுத்துட்டா எதுக்குக் கேக்கப் போற?"ன்னாக.

இவ்வளவுதேனா, இதுக்கா மூணு வருசம்னு இருந்துச்சு. கோவம் எறங்கிருச்சு. அதை வெளிய காட்டல. முதல் கியரைப் போட்டேன்.

வீரபாண்டி வந்துச்சு. "திருப்பு, திருப்பு"ன்னாக. திருப்பல.

"எங்க போற?"

"உத்தமபாளையம். எங்கம்மா வீட்டுக்கு. ஒங்களையும் கூட்டிக்கிட்டு."

"ஏ புள்ள! பனியனோட மாமியா வீட்டுக்கா!" அப்படி ஒரு கத்து. தாலி கட்டின நாளுல இருந்து இன்னைக்கு வரைக்கும் மடிப்புக் கலையாத வேட்டி இல்லாம அங்கன காலு வைக்காத மருமகன் அவுக. சின்னமனூரு வரைக்கும் கெஞ்சிக்கிட்டே வந்தாக. போனாப் போகுதுன்னு ஒரு துணிக்கடை முன்னாடி ஓரங்கட்டினேன். காத்து வரட்டும்னு நானும் எறங்கி வெளிய நின்னேன். சாவி வண்டியிலயேதேன் தொங்குச்சு, வலது பக்கக் கதவும் தொறந்தே கெடந்துச்சு.

கடைக்குள்ள போனவுக பத்து நிமிசத்துல புது வேட்டி சட்டையில வந்தாக. வண்டிக்கு முன்னாடி ஒரு நிமிசம் நின்னாக. என்னையப் பாத்தாக, தொறந்து கெடந்த கதவைப் பாத்தாக. அப்புறம் சுத்திக்கிட்டுப் போயி, இடது பக்கக் கதவைத் தொறந்து உக்காந்தாக.