நிலத்தைக் காலியாக விடாதவர்

இடது கை ராகிக் கதிரைப் பிடிக்கிறது, வலது கை அரிவாளை இழுக்கிறது. கதிரைக் கூடையில் போட்ட கையோடு மடியிலிருந்து ஒரு பிடி கொள்ளு விதையை அள்ளி, அறுத்த இடத்தில் வீசி, குதிகாலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத்தான் ராஜமேரி அடுத்த அடி வைக்கிறார். அறுத்து, உழுது, அப்புறம் விதைப்பதுதான் ஊர் வழக்கம். இவருக்கு அத்தனை பொறுமை கிடையாது. பொறுமையாக இருந்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும்.

பாப்பாரப்பட்டிக்கு மேற்கே இருக்கும் இந்த மானாவாரிக் கொல்லை ஓசூரில் வேலை பார்க்கும் மாதவராஜுடையது. ராஜமேரி விளைச்சலில் அவருக்குப் பங்கு கொடுத்து, வாரத்துக்குப் பயிரிடுகிறார். பயிர் நிற்கிற நிலத்தை வாரக்காரரிடமிருந்து பிடுங்கக்கூடாது என்று இந்தப் பக்கம் ஒரு கட்டுப்பாடு உண்டு. சுற்றியுள்ள கொல்லைகளைச் சோலார் கம்பெனி குத்தகைக்கு எடுத்து வேலி போட்டதிலிருந்து அந்தக் கட்டுப்பாட்டை விடாப்பிடியாகப் பிடித்திருக்கிறார். ராகி போனால் கொள்ளு, கொள்ளு போனால் எள். வெறும் மண்ணை யார் கண்ணிலும் காட்டுவதில்லை.

"கரண்டு வேணாம்னா சொல்றேன்? அந்தக் கரட்டு மேல போடுங்க. கல்லுதான கெடக்குது" என்பார். பேனல் துடைக்கிற வேலை கிடைக்குமே என்று கணவர் சவரி இழுத்தால், "ஊரே தொடைச்சிட்டு நின்னா களிக்கு மாவு எங்கிருந்து வரும்?" என்று வாயை அடைத்துவிடுவார்.

இன்று மாதவராஜே வந்து வரப்பில் நின்றார். கெட்டவரல்ல. மழை பொய்த்த வருடங்களில் வாரம் கேட்டதே இல்லை.

"அறுப்பு முடிஞ்சதும் வேலி போட வர்றாங்கக்கா. கெணறும் வத்திப்போச்சு. நானும் எத்தன நாளைக்கு மழ வருமான்னு மானத்தயே பாத்துட்டிருக்கறது?"

"பயிரு நிக்குதுங்களே தம்பி."

"ராகிதான? நாளைக்கு முடிஞ்சிரும்."

"கொள்ளு போட்டுட்டேனுங்க."

மாதவராஜ் இறங்கி வந்து குனிந்து மண்ணைக் கிளறினார். ஒரு கொள்ளு விரலில் வந்தது. போட்டபடியே காய்ந்து கிடந்தது.

"இது வெதைங்கக்கா. மொளச்சாத்தான் பயிரு. வர்ற சந்தை நாளுக்குள்ள மொளச்சிருந்தா நான் வாயத் தொறக்கல. இல்லன்னா வேலிதான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சண்டை போட்டிருந்தால் ராஜமேரியும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பார். வானத்தில் பேருக்குக்கூட மேகம் இல்லை. மாதவராஜின் வண்டி ரோட்டில் ஏறி மறையும்வரை அரிவாளோடு அப்படியே நின்றார்.

பிறகு புங்கமரத்தடிக்குப் போய், குடிக்கக் கொண்டுவந்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தார். உதடு உலர்ந்திருந்தது. குடிக்கவில்லை. அறுத்த இடத்துக்குத் திரும்பி, மாதவராஜ் கீழே போட்டுவிட்டுப் போன அந்த ஒற்றைக் கொள்ளு விதையைத் தேடி எடுத்து, ஒரு விரலால் மண்ணுக்குள் அழுத்தி, பாட்டில் காலியாகும்வரை அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டார்.