அடி அண்ணாமலையிலிருந்து சூடானுக்கு ஒரு மனு

போன வருடம், தீபத் திருவிழாக் கூட்டம் வடிந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை. திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். பட்டா, முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு என்று ஆளுக்கொரு மனுவோடு நின்ற வரிசையில் நானும் என் தோழியும் நின்றிருந்தோம். எங்கள் கையில் இருந்தது சூடான் நாட்டைப் பற்றிய மனு.

நான் செங்கம் ரோட்டில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். வேலூரில் பி.ஃபார்ம் படித்தபோது என் ஹாஸ்டல் அறையில் ஒரு சூடான் நாட்டுப் பெண் இருந்தாள். அவள் முதலில் கற்றுக்கொண்ட தமிழ் ‘சாப்டியா?’ என்பதுதான். வார்டன், வாட்ச்மேன், பஸ் கண்டக்டர் என்று யாரைப் பார்த்தாலும் அதைத்தான் கேட்பாள். ஒரு பௌர்ணமிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, காலில் கொப்புளம் போட்டும் விடாமல் என்னோடு மலை சுற்றி முடித்தாள். படிப்பு முடிந்து ஊருக்குப் போய் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

பிறகு அங்கே உள்நாட்டுப் போர் வந்தது. அவள் ஊரைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். உணவு வண்டியும் மருந்து வண்டியும் உள்ளே போக முடியவில்லை. எப்போதாவது நெட் கிடைத்தால் அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும். கடை நிறைய மருந்தை வைத்துக்கொண்டு அதைக் கேட்பது பெரிய கொடுமை. நான் எதை அனுப்பினாலும் போய்ச் சேராது. அரசாங்கங்கள் பேசினால்தான் வழி திறக்கும்.

அதனால் நானும், பள்ளி ஆசிரியையான என் தோழியும், தெரிந்த சில பெண்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்டு எதிரில் அட்டை பிடித்து நிற்க ஆரம்பித்தோம். அட்டையில் இருந்த ‘சூடான்’ என்பதை ‘சூடான’ என்று படித்துவிட்டு, என்ன விற்கிறோம் என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களையும் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னோம். கேட்டவர்களில் பாதிப் பேராவது கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கையெழுத்துகளோடுதான் கலெக்டர் ஆபீஸுக்கு வந்திருந்தோம்.

மனுவைப் பதிவு செய்யும் மேஜைக்கு வந்ததும், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த இளைஞர் திகைத்துப்போனார்.

“மேடம், இதுக்கு டிபார்ட்மென்ட்டே இல்லைங்களே. தாலுகா, கிராமம் எல்லாம் கேக்குது. நான் என்னன்னு போடறது?”

அவர் மேல் தப்பில்லை. ஆனால் பதிவாகாத மனு ஆட்சியரிடம் போகாது. நாங்கள் பேசிக்கொண்டிருந்ததில் வரிசை நின்றுவிட்டது. பின்னால் இருந்த ஒருவர் சலித்துக்கொண்டார்.

“எங்க ஏரிக்கால்வாய் தூர்ந்து போய் கெடக்குது, அதைக் கேக்க நாதியில்ல. இவங்க வெளிநாட்டுக்குப் போய்ட்டாங்க.”

காலையிலிருந்து வெயிலில் நின்றவர். என் தோழி என் கையைத் தட்டி, “அந்த மெசேஜைப் போடுடி” என்றாள்.

போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டேன். முந்தின வாரம் வந்தது. கரகரவென்ற இரைச்சலுக்கு நடுவே அவளுடைய ஹாஸ்டல் தமிழ்.

“இன்னிக்கு சாப்பாடு இல்ல. அம்மாவுக்கும் இல்ல. நாளைக்கு பாக்கலாம். நீ சாப்டியா?”

சலித்துக்கொண்டவர் போன் பக்கம் குனிந்தார். பிறகு, “இன்னொரு வாட்டி போடும்மா” என்றார். போட்டேன்.

எனக்கு அடுத்து நின்ற அம்மா ஒருவர் முன்னால் வந்தார். தன் வீட்டு மனைப் பட்டாவுக்காகப் பல மாதமாக அலைகிறவர். வரிசையில் நிற்கும்போதே என்னிடம் சொல்லியிருந்தார்.

“தம்பி, அடி அண்ணாமலைன்னு போடுப்பா.”

“எம்மா, அது வெளிநாட்டு விஷயம்.”

“விஷயம் வெளிநாடு. மனு குடுக்கறது நாங்கதானே? எங்க ஊரைப் போடு. என் பேரையும் சேத்துக்கோ.”

அந்த இளைஞர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு கிராமம் என்ற இடத்தில் அடி அண்ணாமலை என்றும், துறை என்ற இடத்தில் ‘பொது’ என்றும் தட்டினார்.

உள்ளே ஆட்சியர் மனுவை நிதானமாகப் படித்துவிட்டு, “நான் என்ன செய்யணும்னு எதிர்பார்க்கறீங்க?” என்று கேட்டார். “மருந்தும் தானியமும் அனுப்பச் சொல்லி டெல்லிக்கு எழுதுங்க. நிவாரண வண்டிக்கு வழி விடச் சொல்லி நம்ம அரசு அங்க பேசணும்ங்க” என்றேன். எந்த உறுதியும் தர முடியாது, ஆனால் இன்றைக்கே மேலே அனுப்புகிறேன் என்று சொல்லி, பச்சை மையில் எழுதிக் கையெழுத்திட்டார்.

வெளியே வந்தபோது அந்தக் கால்வாய்க்காரர் காத்திருந்தார். மனுவின் நகல் ஒன்று வேண்டும் என்றார். “அடுத்த வாரம் எங்க ஊர்லருந்து நாலு பேரைக் கூட்டினு வரேன்” என்றார். சொன்னபடியே வந்தார். அதன் பிறகு செங்கம், போளூர், தண்டராம்பட்டு என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் எங்காவது ஓரிடத்திலிருந்து சூடானுக்காக ஒரு மனு வந்துகொண்டிருந்தது.

சில மாதங்கள் கழித்து, மனு வெளியுறவுத் துறைக்கு அனுப்பப்பட்டதாக ஒரு பதில் வந்தது. அதற்கு மேல் என்ன நடந்தது என்று தெரியாது. நாங்கள் விடுவதாக இல்லை, அடுத்து எம்.பி.யைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறோம். என் சூடான் சிநேகிதி தன் அம்மாவோடு எல்லை தாண்டி ஒரு முகாமுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அது எங்கள் மனுவால் நடந்ததல்ல. அவள் காலால் நடந்தது. அடி அண்ணாமலை அம்மாவுக்குப் பட்டா கிடைத்துவிட்டது. கால்வாய்தான் இன்னும் தூர்ந்து கிடக்கிறது. அதற்கான மனுவில் இப்போது என் கையெழுத்தும் இருக்கிறது.

அன்று வரிசையில் நின்ற எல்லோருக்கும் அவரவர் கஷ்டம் இருந்தது. அதற்கு நடுவே முகம் தெரியாத ஒருத்திக்காகக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள் என்று நினைக்கும்போதெல்லாம், எந்த அலுவலகத்தின் படியையும் ஏறிக் கேட்டுவிடலாம் என்ற தெம்பு எனக்கு இன்றைக்கும் வருகிறது.