மாத்தலேனாவின் பிளக் ஜெபம்

சவாயீ தீவின் இந்தக் கரையோர ஊரில் மாத்தலேனாவுக்குக் 'கரண்டு போலீஸ்' என்று பெயர். கரண்டு போனால் மற்றவர்கள் மெழுகுவர்த்தி தேடுவார்கள். அவள் வீடு வீடாக ஓடிப் பிளக்குகளைப் பிடுங்கச் சொல்வாள்.

"போற கரண்டு ஒண்ணும் பண்ணாதுடி. திரும்பி வருது பாரு, அதுதான் எல்லாத்தையும் கருக்கிடும்."

சும்மா சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் வாங்கிய டிவி, ஊரே கூடிப் பார்த்த ரக்பி ஆட்டத்தின் பாதியில், அப்படித்தான் புகைந்துபோனது. அன்றைக்கு அழுதவள் முப்பது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறாள். அவளைப் பிடிக்காதவர்கள் ஊரில் இல்லை. அவள் வருகையைத்தான் ஒருவருக்கும் பிடிக்காது.

அந்த வியாழக்கிழமை கரண்டு போன நேரம் மோசம். கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த அடுத்த வீட்டு ஐலினியின் தையல் மெஷின் சட்டென்று நின்றது. கையோடு சங்கும் ஊதிவிட்டார்கள். மாலை ஜெபச் சங்கு ஊதிவிட்டால் யாரும் வாசல் தாண்டக் கூடாது. ரோட்டில் காவலுக்குத் தடியோடு நிற்கும் இளவட்டங்களின் கண்ணில் பட்டால், ஊர்ச்சபைக்குப் பன்றியை அபராதமாகக் கொடுக்க வேண்டும். கூப்பாடு போடுவதும் குற்றம். போனைத் தொட்டால் புருஷன் பெரெத்தியே எரிந்து விழுவான்.

சுவரில்லாத வீடுகள், எல்லாம் தெரிந்தது. ஐலினி பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்துவிட்டாள். மெஷினின் ஊசி துணியில் குத்தியபடி நின்றது, பிளக் தூணில் செருகியபடியே இருந்தது. புருஷன் போனபிறகு அவளுக்குச் சோறு போடுவது அந்த மெஷின்தான். பிள்ளைகள் எல்லாம் வெள்ளை உடுத்திக் கோயிலுக்குப் போகும் வெள்ளை ஞாயிறுக்கு மூன்று நாள்கூட இல்லை. ஊர்ப் பிள்ளைகளின் வெள்ளை உடுப்பில் பாதி இன்னும் வெட்டின துணியாகவே கிடந்தது.

பெரெத்தி ஜெபப் பாட்டை முடித்து, "ஜெபம் பண்ணு" என்றான்.

மாத்தலேனா தொண்டையைச் செருமிக்கொண்டாள். சத்தமாக ஜெபிக்கக் கூடாதென்று எந்தச் சபையும் சொன்னதில்லையே.

"பரம பிதாவே, அடுத்த வீட்டு ஐலினிய உம்ம கரத்துல ஒப்புக்கொடுக்கிறோம். அவ மெஷினையும் ஒப்புக்கொடுக்கிறோம். பிளக்கு இன்னும் தூண்லதான் இருக்குன்னு உமக்குத் தெரியும் ஆண்டவரே. வலது கைப்பக்கம். அத இப்பவே பிடுங்குற ஞானத்த அவளுக்குத் தாரும்."

ரோட்டில் நின்ற ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான். பெரெத்தி கண்ணைத் திறக்காமலே முழங்கையால் இடித்தான்.

பிறகு ஐலினியின் குரல் வந்தது, அதே ஜெப ராகத்தில்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே, பிடுங்கியாச்சு. ஊர்ப் பிளக்கையெல்லாம் ஞாபகம் வச்சிருக்கிற மாத்தலேனா அக்காவையும் ஆசீர்வதியும். அவங்க வீட்டு ஃபிரிட்ஜு பிளக்க யாரு பிடுங்குவா ஆண்டவரே?"

மாத்தலேனா கண்ணைத் திறந்தாள். அதற்குள் பெரெத்தி, மூடிய கண் மூடியபடி, பின்னால் கைநீட்டிப் பிளக்கை உருவிவிட்டான். மறுகணம் கரண்டு வந்து, பல்பு கண் கூசும்படி பளீரென்று எரிந்து, பிறகு நிதானத்துக்கு வந்தது.

"ஆமென்" என்றார்கள் ரோட்டில் நின்ற பையன்கள்.

முப்பது வருஷத்தில் ஒருவரும் அவள் வீட்டுப் பிளக்கைப் பற்றிக் கேட்டதில்லை. மாத்தலேனா பெரெத்தியின் கையிலிருந்த பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பாட்டைப் பெரெத்தி தனியாகத்தான் பாடினான்.