சவரிமுத்து சார் வெட்டிய வட்டம்

போன செவ்வாய்க்கிழமை காலை, காவிரிப் பாலத்தில் பஸ் நகராமல் நின்றுகொண்டிருந்தது. முன்னால் ஏதோ லாரி மக்கர் செய்திருந்தது. லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இன்றைக்கும் காட்டூர் பஸ்ஸைத் தவறவிடப்போகிறோம் என்ற எரிச்சலில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் சவரிமுத்து சாரின் மனைவி ஸ்டெல்லாவின் போன் வந்தது. "மேடம், கிளம்பிட்டீங்களா? இன்னிக்கு வர வேண்டாம்" என்றார். பிறகு, "இல்ல மேடம், வாங்க. அவர் போயிட்டாரு. காலையில ஆறு மணிக்கு. நீங்க வாங்க" என்றார்.

செவ்வாயும் வெள்ளியும் ஸ்ரீரங்கத்திலிருந்து காட்டூர் போவது எனக்கு எட்டு மாதப் பழக்கம். அங்கே மெஷின் வேலை முடிந்து சில வாரங்கள் ஆகியும் அந்த லேப்டாப்பை ஏன் சுமந்துகொண்டு போகிறேன் என்று என் வீட்டில் கேட்டார்கள். அன்றைக்கும் அதைச் சுமந்துகொண்டுதான் சாவு வீட்டுக்குப் போனேன்.

இந்த மலரைப் படிக்கும் ஓய்வுபெற்ற தோழர்கள் பலருக்கும் சவரிமுத்து அவர்களைத் தெரிந்திருக்கும். நம் தொழிற்சாலையின் டூல் ரூமில் முப்பத்துநான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர். தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். நெடுநெடுவென்று உயரம், மிக மெதுவான பேச்சு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறிய ஸ்டீல் ஸ்கேல். அடுத்தவர் செய்த தப்பை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டுப் போய்விடுவார். இந்தக் குணத்தை எல்லாரும் புகழ்ந்தோம். நானும் புகழ்ந்தேன். அதனால் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவரை நான் முதலில் சந்தித்தது ஒரு சண்டையில். அப்போது கம்ப்யூட்டர் எந்திரங்களுக்குப் புரோகிராம் எழுதும் பிரிவில் நான் புதிது. என் புரோகிராமைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். "மேடம், இந்த மூலையில டூல் திரும்புறதுக்கு இடம் இருக்குங்களா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் மூக்கின் மேல் வரும். "அதெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கும்" என்றேன். "பார்த்துக்கும்னா சரிங்க" என்று போய்விட்டார். மறுநாள் அந்த மூலையில் டூல் படக்கென்று உடைந்தது. மேலதிகாரி விசாரித்தபோது, "டூல் பழசு சார், நான் மாத்தியிருக்கணும்" என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டது. என் புரோகிராமில் தப்பு இருந்தால் அவர் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். நான் பார்த்துத் திருத்திவிடுவேன். அவர் அனுப்பும் அளவுகளில் ஏதாவது இடித்தால் நானும் கேட்காமல் சரிசெய்துகொள்வேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டோம். அவர் ஓய்வுபெறும் வரை இப்படியே ஓடியது.

ஓய்வுக்குப் பிறகு அவர் உலோகம் வெட்டும் சின்ன மில்லிங் மெஷின் ஒன்றை வாங்கினார். தையல் மெஷின் மேஜையில் அடங்கிவிடும் அளவுதான். பொழுதுபோக்குக்காகச் செய்பவர்கள் வைத்திருப்பது. மூன்று கைப்பிடிகள்: ஒன்று மேசையை இடம் வலமாக நகர்த்தும், இன்னொன்று முன்னும் பின்னும், மூன்றாவது டூலை மேலும் கீழும். தெருவில் யார் வீட்டு மிக்ஸியில் எது தேய்ந்தாலும் அதற்கு ஒரு துண்டு வெட்டித் தருவார். ஸ்டெல்லாவுக்கு மணப்பாறை பிறந்த ஊர். அங்கே அவருடைய அண்ணி முறுக்குப் பிழியும் அச்சுக்குப் புதுத் தட்டு வேண்டும் என்றபோது, இவர் துளை துளையாக வெட்டிக் கொடுத்ததை ஸ்டெல்லா ஒரு மாதம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு நாள் அவர் கையிலிருந்து, அளவு பார்க்கும் வெர்னியர் நழுவி விழுந்தது. அடுத்த வாரமும் விழுந்தது. இடது கை விரல்களில் தொடங்கி, தோள் வரைக்கும் சதைக்குள் ஏதோ துடித்துக்கொண்டே இருக்கிறது என்றார். நரம்பு டாக்டர் பார்த்துவிட்டு, தசைகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்தும் நோய் இது, தள்ளிப்போட மருந்து உண்டு, நிறுத்த மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார். அடுத்த செவ்வாய் சவரிமுத்து சார் எனக்குப் போன் செய்தார். "மேடம், என் மெஷின்ல கைப்பிடியைக் கழட்டிட்டு மோட்டார் வெக்கணும். கம்ப்யூட்டர் நீங்க பார்த்துக்கிறீங்களா?"

எதற்கு என்று கேட்டேன். காபிக்கு என்றார். கை முழுதாகப் போவதற்குள் நாற்காலியில் பொருத்தும் ஒரு தாங்கி செய்ய வேண்டும். டம்ளர் ஒரு வளையத்தில் உட்காரும். கட்டைவிரலால் லேசாக அழுத்தினால், சைக்கிள் பிரேக் கம்பி இழுத்து டம்ளரைச் சாய்க்கும். யாரும் பிடிக்காமல், அவரே குடிக்க வேண்டும். "ஸ்ட்ரா போட்டுக் குடிச்சா ஆகாதா சார்?" என்றேன். "காபியை ஸ்ட்ராவுல குடிக்கிறதுக்கு மாத்திரையாப் போட்டு முழுங்கிடலாம் மேடம்" என்றார். லேத் பட்டறையில் கொடுத்தால் அரை நாளில் வளையம் வந்துவிடும் என்றும் சொன்னேன். "வந்துடும். ஆனா நான் குடிக்கிற காபிக்கு நானே வழி பண்ணிக்கணும்" என்றார். அவருக்குத் தெரியாமலாவது கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வைத்திருக்க வேண்டும். இப்போது புத்தி வந்து என்ன பயன்?

மோட்டார்களைத் தாங்கும் தகடுகளை அதே மெஷினில்தான் வெட்டினார். கைப்பிடியைக் கழற்றுவதற்கான சாமானை அந்தக் கைப்பிடியைச் சுற்றியே செய்ய வேண்டியிருந்தது. வலது கையால் சுற்றுவார். அது சோர்ந்தால் ஸ்டெல்லா சுற்றுவார். "போதும், நிறுத்து, அரைச் சுற்று பின்னால" என்று இவர் சொல்லிக்கொண்டிருப்பார். தகடுகள் முடிய நான்கு மாதம் ஆயிற்று. கடைசித் தகடு முடிந்தபோது அவரால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை.

மோட்டார்கள் ஏறின. கட்டுப்பாட்டுப் பெட்டியை நான் இணைத்தேன். லேப்டாப்பில் ஒரு பட்டனைத் தட்டியதும் மேசை தானாக நகர்ந்த அன்று ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டார். ஆனால் வட்டம் வரவில்லை. நேர்கோடு சுத்தமாக வரும். வட்டம் வெட்டினால் நான்கு இடங்களில் தட்டையாகிவிடும். டம்ளர் வளையம் சாய்ந்து நிமிர ஒரு பேரிங் வேண்டும்; அது உட்காரும் துளை உண்மையான வட்டமாக இல்லாவிட்டால் பேரிங்கை நெரித்துவிடும். இறுகிய பேரிங்கைச் சுழற்ற அவருடைய கட்டைவிரலில் வலுவில்லை.

காரணம் எங்களுக்குத் தெரிந்ததுதான். திருகுக்கும் நட்டுக்கும் நடுவில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். பட்டறையில் ப்ளே என்பார்கள். திசை மாறும்போது திருகு சும்மா கொஞ்சம் சுற்றிவிட்டுத்தான் மேசையை நகர்த்தும். கையால் வேலை செய்கிறவர் அதைத் தானாகவே சமாளித்துவிடுவார். கம்ப்யூட்டருக்கோ அந்த ஆட்டம் எவ்வளவு என்று எண்ணாகச் சொல்ல வேண்டும். அளக்கும் வேலையை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. முள் நகர்ந்து அளவு காட்டும் டயல் கேஜைத் தன் பக்கம் திருப்பி வைத்து, மேசையைக் கையால் லேசாக அழுத்திக்கொண்டு முள்ளைப் படிப்பார். அவர் சொல்லும் எண்ணை ஸ்டெல்லா நோட்டில் எழுதுவார், நான் லேப்டாப்பில் போடுவேன்.

ஏழு வாரம் வட்டம் வரவில்லை. மோட்டாரைக் கழற்றி மாட்டினோம். திருகுகளை மண்ணெண்ணெயில் கழுவினோம். மின்சாரம் ஏறி இறங்குகிறது என்று காட்டூர் மின்சாரத்தைத் திட்டினேன். அந்த எண்ணை மட்டும் இருவரும் சந்தேகப்படவில்லை. அதில் இருவருக்குமே அவ்வளவு நம்பிக்கை. செவ்வாய்க்கு வெள்ளி அவருடைய பேச்சு குழறிக்கொண்டே போனது. நாங்கள் என்ன செய்தாலும் நோய் எங்களைவிட வேகமாக வேலை செய்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், திரும்பவும் அளந்தோம். நான் எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தபோது என் தோளுக்குப் பின்னால் ஸ்டெல்லா நின்றார். "மேடம், இவர் ஒன்பதுன்னாரு. நீங்க ஆறுன்னு போடுறீங்களே?" என்றார்.

சார் திரும்பிப் பார்த்தார். வேறு வழியில்லாமல் சொன்னேன். "சார், உங்க கை மேசையில படும்போது முள் மூணு கோடு கூடக் காட்டுது. துடிப்பு இருக்கில்ல, அதான். நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லல. மொதல்ல இருந்தே மூணு கழிச்சுத்தான் போடுறேன்."

அவர் கேஜைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துச் சொன்னார். "என் கை எனக்குத் தெரியாதா மேடம்? முள் பன்னிரண்டு காட்டுச்சு. நானே மூணு கழிச்சுத்தான் ஒன்பதுன்னேன்."

முப்பது வருட வழக்கம். அவர் தன் கையின் குறையைச் சொல்லாமல் திருத்தியிருக்கிறார். நானும் அதே குறையைச் சொல்லாமல் திருத்தியிருக்கிறேன். ஸ்டெல்லா நோட்டை மேஜை மேல் போட்டார். "ரெண்டு பேரும் படிச்சவங்கதானே? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேசிக்கக் கூடாதா? ஏழு வாரமா என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று கத்தினார். ஒன்பது என்று போட்டேன். அன்று மாலையே ஒரு மரத்துண்டில் வட்டமான வட்டம் வந்தது.

செவ்வாய்க்கிழமை அலுமினியத்தில் வெட்டுவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை கஞ்சி குடிக்கும்போது அவருக்குப் புரையேறி மூச்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்தார்கள். விழுங்கும் தசை போய்விட்டது என்றார்கள். வயிற்றில் குழாய் வைத்து, இனி வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் அவரால் காபி குடிக்க முடிந்திருக்கும். இதை நான் எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் அதே கணக்குதான் வருகிறது. ஸ்டெல்லா ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

இனி அந்த மெஷின் எதற்கு என்று நினைத்தேன். லேப்டாப் கம்பிகளைச் சுருட்டத் தொடங்கினேன். கட்டிலிலிருந்து அவர் ஏதோ சத்தம் போட்டார். எனக்குப் புரியவில்லை. ஸ்டெல்லாதான் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "வெட்டச் சொல்றாரு மேடம்" என்றார். வெட்டினோம். லேப்டாப்பைத் தூக்கிப்போய், தொடங்கும் பட்டனை அவருடைய வலது கட்டைவிரலுக்கு அடியில் ஸ்டெல்லா வைத்தார், அவர் அழுத்தினார். பேரிங் எண்ணெய் தடவியதுபோல் துளையில் இறங்கியது. தாங்கியை நாற்காலிக் கையில் பொருத்தி, அவரையும் அதில் உட்கார வைத்தோம். காலி டம்ளர் அவர் விரலுக்குச் சாய்ந்து, விரலை எடுத்ததும் நிமிர்ந்தது. சாய்த்தார், நிமிர்த்தினார். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை.

பிறகு ஸ்டெல்லாவைப் பார்த்துக் கண்ணால் என்னைக் காட்டினார். ஸ்டெல்லா புரிந்துகொண்டு அடுப்படிக்குப் போய், காபி கலந்து அந்த டம்ளரில் ஊற்றினார். தாங்கியை என் பக்கம் திருப்பி வைத்தார். "குடிங்க மேடம். உங்களுக்குத்தான் குடுக்கணுமாம்."

அவர் எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, குழந்தை மாதிரி வாயைக் கொண்டுபோனேன். அவர் அழுத்தினார். வேகமாகச் சாய்ந்து பாதிக் காபி என் புடவையில் கொட்டியது. "மெதுவா சார்! சூடு!" என்று டூல் ரூமில் கத்துவதுபோலக் கத்திவிட்டேன். அவர் சிரித்தார். பேச்சு போன பிறகும் சிரிப்பு மட்டும் பழையபடியே இருந்தது. இரண்டாம் முறை கோடு கோடாகச் சாய்த்தார். நான் குடிக்கக் குடிக்க, டம்ளர் என் வாய்க்குச் சரியாக வந்துகொண்டே இருந்தது. அவருடைய கண் டம்ளரில் இல்லை, என் தொண்டையில் இருந்தது. கடைசிச் சொட்டு வரை கொடுத்துவிட்டுத்தான் விரலை எடுத்தார். எப்படி இருக்கிறது என்று புருவத்தை உயர்த்திக் கேட்டார்.

எனக்குச் சர்க்கரை வியாதி. அழுதுவிடுவேனோ என்ற பயத்தில், "சர்க்கரை ஜாஸ்தி சார்" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் இருந்தார். செவ்வாயும் வெள்ளியும் போனேன், பக்கத்தில் உட்கார்ந்தேன், எதிலும் உதவவில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கொரு பிடி மண் போட்டபோது எல்லாரும் அவரிடம் ஏதோ முணுமுணுத்தார்கள். எனக்கு அப்போதும் வாய் வரவில்லை. மனதில் இருப்பதைச் சொல்லாமல் விழுங்குவதில் நாம் இருவரும் ஒருவரையொருவர் மிஞ்சினோம் சார். அதன் பலனையும் பார்த்தோம். அதனால் இதையாவது நாலு பேர் அறியச் சொல்லிவிடுகிறேன்.

காபி நன்றாக இருந்தது, சார். போய் வாருங்கள்.